வலது கால் கியர்

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, பக்கத்து சீட்டுக்காரன் போனை எட்டிப் பாக்கறானேன்னு. அந்தப் போட்டோவை இன்னொரு தடவ காட்டுங்க. கொஞ்சம் பெருசு பண்ணுங்க. ஆங், அந்த டேங்குக்குக் கீழ. பி.எஸ்.ஏ. முந்நூத்தம்பதுதானே? இதைப் பாக்கத்தான் காரைக்குடி போறீங்களா? வாங்கற யோசனையா?

நான் எதுக்குக் கேக்கறேன்னா, நான் மெக்கானிக்கு. திருச்சி பாலக்கரைப் பக்கம் அருணகிரின்னு கேட்டுப் பாருங்க, பழைய வண்டி வெச்சிருக்கவங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷமா இங்கிலீஷ் வண்டி மட்டும்தான். வேற எது வந்தாலும் பக்கத்துக் கடைக்குக் கை காட்டி விட்டுருவேன். திமிரு புடிச்சவன்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

இந்த வண்டி பளபளன்னு இருக்கு பாருங்க, அதான் எனக்குப் பிடிக்கல. துருப்புடிச்சுக் கெடந்தா நம்பி வாங்கலாம். பளபளன்னு இருந்தா எதையோ மறைக்கறான்னு அர்த்தம். இறங்கினதும் ஒரு சின்னக் காந்தம் வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கங்க. டேங்குல வெச்சுப் பாருங்க. கப்புனு புடிச்சா தகரம். வழுக்கிட்டு விழுந்தா உள்ள பட்டி, அள்ளி அப்பி மேல பெயின்ட் அடிச்சிருக்கான். அப்புறம் எஞ்சின் நம்பரு. ஆர்.சி. புக்குல இருக்கறதும் எஞ்சின்ல வெட்டியிருக்கறதும் ஒண்ணுதானான்னு ஒவ்வொரு எழுத்தா விரலை வெச்சுப் பாருங்க. விக்கிறவரு டீ குடுப்பாரு, பலகாரம் குடுப்பாரு, எங்க பெரியவரு இந்த வண்டியிலதான் ஊரையே சுத்தினாருன்னு கதை சொல்வாரு. டீயைக் குடிங்க. கதையை மட்டும் கேக்காதீங்க. நான் கதையைக் கேட்டுத்தான் மாட்டினேன்.

இருங்க, இந்தப் பெட்டி உங்க கால்ல இடிக்குது. இப்படித் தள்ளி வெச்சுக்கறேன். என் பொண்ணு மேகலாவோட பெட்டி. அவ விடியக்காலையிலயே போயிட்டா, புதுக்கோட்டைக்கு, அவ புருஷன் வீட்டுக்கு. வண்டியில. ஆமா, இதே மாதிரி வண்டிதான், ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி. அவளே ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. பெட்டியை அதுல கட்ட முடியாதுல்ல, அதான் நான் பஸ்ஸுல எடுத்துட்டுப் போறேன். பழம், பூ, இனிப்பு எல்லாம் மேல இருக்கு. எட்டு மாசம் கழிச்சுப் போறா, பெத்தவன் வெறுங்கையோட போய் நிக்க முடியுமா. இன்னிக்கு எனக்கு மனசு லேசா இருக்கு தம்பி, அதான் வாய் நிக்க மாட்டேங்குது.

எங்க விட்டேன்? ஆங், கதை. என் சம்பந்தி பேரு தர்மலிங்கம். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பொண்ணு பாக்க வந்தப்ப வீட்டுக்குள்ள வராம நேரா பட்டறைக்குள்ள போயிட்டாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒவ்வொரு வண்டியாப் பாத்தாரு. அப்புறம் வந்து உக்காந்து, எல்லார் முன்னாலயும் சொல்றாரு. "நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், சீர்னு ஒரு துரும்பு வேண்டாம். எங்கப்பா வண்டி ஒண்ணு மாட்டுக் கொட்டகையில முப்பது வருஷமாக் கெடக்கு. அதை ஓட வெச்சுக் குடுத்துடுங்க. என் பையன் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுலதான் வரணும்."

எங்க சொந்தக்காரன் அத்தனை பேரும் வாயைப் பொளந்துட்டான். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு. என் பொண்டாட்டி செண்பகம் அடுப்படிக்குள்ள போய்க் கண்ணத் தொடைச்சுக்கிட்டா. எனக்கு நெஞ்சு இவ்ளோ நிமிந்துச்சு தம்பி. நகையைக் கேக்காம என் கைவேலையைக் கேக்கறாரே, என் தொழிலுக்கு இதை விட என்ன மரியாதை வேணும்? சரின்னு கையைப் புடிச்சு வாக்குக் குடுத்துட்டேன்.

அவங்க போனப்புறம் மேகலா சொன்னா, "அவரு என்னை ஒரு வார்த்தை கேக்கலையேப்பா. வண்டியைப் பத்தித்தானே பேசினாரு." பொண்ணுங்க இப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

வண்டி லாரியில வந்து இறங்குச்சு. அதை வண்டின்னு சொல்லக் கூடாது. டேங்குக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு. பிஸ்டன் உள்ளயே இறுகி, ரெண்டு வாரம் எண்ணெய் ஊத்தி ஊற வெச்சாத்தான் அசைஞ்சுது. அதுல இன்னொரு கூத்து. நடுவுல எவனோ ஒருத்தன் கை வெச்சிருக்கான். இங்கிலீஷ் வண்டிக்கு மரை வேற, தம்பி. இதை நல்லா மனசுல வாங்கிக்கங்க. நம்ம பன்னெண்டு, பதிமூணு ஸ்பேனர் எதுவும் சரியா உக்காராது. உக்காராத ஸ்பேனரைப் போட்டுத் திருகினா போல்ட்டு மூலை மழுங்கிடும். அந்தப் படுபாவி நம்மூரு போல்ட்டை இங்கிலீஷ் ஓட்டையில வெச்சு அடிச்சு ஏத்தியிருக்கான். ரெண்டு சுத்து ஏறும், சரியா இருக்கற மாதிரியே இருக்கும். மூணாவது சுத்துல உள்ள இருக்கற மரையைத் தின்னுடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

அதைக் கண்டுபுடிச்சதே மேகலாதான். பட்டறையில வளந்தவ. ஸ்கூல் விட்டு வந்தா பாவாடையைச் சொருகிக்கிட்டு எனக்கு எதிர்ல உக்காந்துருவா. காலேஜ் முடிச்சு ஒரு கம்பெனியில கணக்கு எழுதப் போனா, ஞாயித்துக்கிழமை ஆனா மறுபடி பட்டறைதான். பிளக்குக்குக் கரன்ட் குடுக்கற மேக்னெட்டோவைப் பிரிச்சுச் சேக்க எனக்கு அரை நாள் ஆகும், அவளுக்கு ரெண்டு மணி நேரம். இதை வெளிய சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன். ஆறு மாசம் ரெண்டு பேரும் அந்த வண்டி மேலயே கெடந்தோம். அவ கல்யாண வண்டியை அவளே ரெடி பண்ணினா. அந்தப் பெருமை எந்த அப்பனுக்குக் கெடைக்கும்?

மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு வண்டி என்ன அழகா இருந்துச்சுங்கறீங்க. கறுப்பு டேங்கு, மல்லிப்பூ சுத்தி, மேளக்காரங்க முன்னால. மாப்பிள்ளை பேரு சுதர்சன், நல்ல படிப்பு, கோட்டு சூட்டுல ஏறி உக்காந்தாரு. நான்தான் ஸ்டார்ட் பண்ணி விட்டேன். இப்ப இருக்கற பைக்குக்கெல்லாம் இடது கால்ல கியர், வலது கால்ல பிரேக்கு. இங்கிலீஷ் வண்டிக்கு மாத்தி, கியர் வலது கால்ல. அவருக்கு நான் நாலு தடவ சொன்னேன். "தெரியும் மாமா, தெரியும் மாமா"ன்னாரு. மண்டபத்து வாசல் வந்ததும் கியரைக் குறைக்கறேன்னு இடது காலை ஓங்கி அழுத்தினாரு. பிரேக்கு. வண்டி நின்னுடுச்சு, மாப்பிள்ளை முன்னால போய் நாதஸ்வரக்காரர் முதுகுல முட்டிக்கிட்டாரு.

ஆரத்தித் தட்டை வெச்சுக்கிட்டு நின்னவளுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மாடியில இருந்து மேகலா பாத்துட்டு, "அது பிரேக்குங்க, கியர் வலது கால்ல"ன்னு கத்திச் சொன்னா பாருங்க. சொல்லிட்டுச் சிரிச்சுட்டா. மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். கல்யாணத்துல இதெல்லாம் ஒரு கலகலப்புதானே.

கல்யாணம் முடிஞ்சு வண்டியும் பொண்ணும் ஒரே நாள்ல புதுக்கோட்டை போனாங்க. பத்து நாள்ல போன். வண்டி ஸ்டார்ட் ஆகல. போய்ப் பாத்தேன், எனக்கு முதல் கிக்குல பிடிக்குது. மறு வாரம் போன், வண்டி எட்டி உதைக்குது, மாப்பிள்ளைக்குக் கெண்டைக்கால் வீங்கிடுச்சு. உதைக்கத்தானே செய்யும்? கைப்பிடியில ஒரு சின்ன லீவர் இருக்கும், அதைப் பின்னால தள்ளிட்டு, பிஸ்டன் மேல வந்து முட்டற இடத்தைக் காலாலயே தேடிப் புடிச்சு, அப்புறம் நிதானமா முழுசா மிதிக்கணும். அவசரப்பட்டா அது திருப்பிக் குடுக்கும். மேகலா அவருக்கு இதைச் சொல்லிக் குடுக்கப் போயிருக்கா. "உன் வேலையைப் பாரு"ன்னுட்டாரு. அப்புறம் அவ அந்த வண்டியைத் தொடவே கூடாதுன்னு சம்பந்தி உத்தரவு போட்டுட்டாரு. தொடக் கூடாது, ஆனா வண்டி ஓடலைன்னா, "உங்கப்பன் வேலை லட்சணத்தைப் பாரு"ன்னு அவளுக்குத்தான் ஏச்சு. கம்பெனி வேலைக்கும் போக வேண்டாம்னுட்டாங்க. போனும் மாமியார் கையில.

சின்னச் சின்ன விஷயம். புது இடம்னா முதல்ல கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். ஒரு தடவ மாப்பிள்ளை கை நீட்டிட்டாரு. ஒரே ஒரு தடவதான். அதுவும் அவரு கிக்கரை மிதிச்சு மிதிச்சு வேர்த்துப் போய் நிக்கறப்ப, இவ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாளாம். சிரிச்ச மாதிரி இருந்துச்சாம். இவ சிரிக்கவே இல்லைன்னு சொல்றா. யாரைக் கேக்கறது?

நீங்க ஏன் தம்பி மூஞ்சியத் திருப்பிக்கறீங்க? வெயிலா? ஸ்கிரீனை இழுத்து விடுங்க.

கடைசியா சம்பந்தி ஒரு குட்டியானை வண்டியில மோட்டார் சைக்கிளை ஏத்தி, முன் சீட்டுல மேகலாவையும் உக்கார வெச்சு அனுப்பிட்டாரு. போன்ல சொன்னாரு. "ரெண்டையும் சரி பண்ணி ஒண்ணாக் கொண்டாந்து விடுங்க." நான் சரிங்கன்னுட்டேன். வேற என்ன சொல்றது? வாக்குக் குடுத்தவன். வண்டி ஓடலைன்னு திரும்பி வந்தது என் வாழ்நாள்ல அதுதான் முதல் தடவ. ரெண்டு நாள் சோறு இறங்கல எனக்கு.

மேகலாவும் சாப்பிடல. அவ அம்மாகிட்டதான் எல்லாம் சொல்லியிருக்கா. எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னா. "அங்க எனக்கு மூச்சு முட்டுதுப்பா. நான் போகல." நான் சொன்னேன், வண்டியை முதல்ல சரி பண்ணுவோம், எல்லாம் தன்னால சரியாயிடும், அது வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மான்னு. எஞ்சின் வால்வுக்கு மேல டேப்பட் சத்தம் போட்டா என்ன பண்றோம்? எஞ்சினைத் தூக்கியா போடறோம்? ஒரு மயிரிழை அட்ஜஸ்ட் பண்றோம், சத்தம் நின்னுடுது. அவ என்னையே பாத்தா. "எத்தனை தடவப்பா அட்ஜஸ்ட் பண்ணுவீங்க? அப்புறம் திருக மரை இருக்காதே"ன்னா. தொழில் தெரிஞ்ச பொண்ணு, பேச்சுல விட மாட்டா.

வண்டியில ஒரு குறையும் இல்ல தம்பி. ஒரே வாரத்துல எல்லாம் பாத்து முடிச்சுட்டேன். சனிக்கிழமை ஓட்டிப் பாத்தேன், பூ மாதிரி ஓடுது. திங்கக்கிழமை கொண்டு போகலாம்னு எடுத்தா ஸ்டார்ட் ஆகல. பிளக்குல கரன்ட் இல்ல. கழட்டிப் பாத்தா, தீப்பொறிக்காகத் தொட்டுத் தொட்டு விலகற பிளாட்டினம் பாயின்ட் ரெண்டுக்கும் நடுவுல ஒரு துண்டுக் காகிதம். செண்பகம்கிட்ட எலி வேலைன்னு சொன்னேன். எடுத்துப் போட்டுட்டு அடுத்த மாசம் நாள் பாத்தேன். அன்னிக்குக் காலையில கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை, ஜெட்டு, அடைச்சுக்கிச்சு. உள்ள இருந்து நீலக் கலர் நூல் வந்துச்சு, துப்பட்டா நூல். அதையும் எலின்னேன். எலிப்பொறி வாங்கி, மசால்வடை வெச்சு, வண்டிக்குக் கீழ வெச்சேன். பட்டறைக்கு வர்றவன் எல்லாம் சிரிச்சான்.

எலி காகிதத்தை நாலா மடிக்குமா? காலண்டர் தாளு, ஓரம் சேத்து நாலா மடிச்சிருந்துச்சு. முப்பத்தாறு வருஷம் வண்டியைப் பிரிச்சவனுக்கு இது கூடவா தெரியாது? தெரிஞ்சுது. தெரிஞ்சும் எலின்னே சொல்லிட்டு இருந்தேன். சொன்னா அவளைக் கேக்கணும். கேட்டா அவ பதில் சொல்லுவா. பதில் சொல்லிட்டா அப்புறம் நான் சம்பந்திகிட்ட என்னன்னு சொல்றது? வண்டி ரெடியாகலைங்கன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. அவரு வாயில வந்தபடி பேசினாரு, கத்துக்குட்டின்னாரு. வாங்கிக்கிட்டேன். எட்டு மாசம் இப்படியே ஓட்டினேன். பொண்ணு வீட்டுக்குள்ள, வண்டி பட்டறைக்குள்ள, நான் நடுவுல.

போன வாரம் சம்பந்தி கூப்பிட்டாரு. வர்ற தையில அவருக்கு அறுபதாம் கல்யாணம். "அதுக்குள்ள வண்டியும் மருமகளும் வாசல்ல நிக்கணும். இல்லைன்னா நான் வேற முடிவு எடுத்துருவேன்"னாரு. வேற முடிவுன்னா என்னன்னு உங்களுக்குப் புரியுதுல்ல? அன்னிக்கே உக்காந்து எல்லாத்தையும் மறுபடி பாத்தேன். முடிச்சுட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை அரைஞாண்ல முடிஞ்சுக்கிட்டேன். மேக்னெட்டோ வண்டிக்குத் தனியாச் சாவி கெடையாது, யாரு வேணா ஸ்டார்ட் பண்ணலாம், அதான் ஷட்டருக்கே பூட்டு. மேகலா பாத்துக்கிட்டுத்தான் இருந்தா.

இன்னிக்குக் காலையில எந்திரிச்சா ஷட்டர் தொறந்து கெடக்கு. வண்டி இல்ல. செண்பகம் வாசல்ல கோலம் போட்டுக்கிட்டே சொல்றா, "மேகலா புதுக்கோட்டைக்குப் போயிருக்கா. இன்னொரு சாவி நான்தான் குடுத்தேன்." எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. பாத்தீங்களா, யாரும் சொல்லாம தானாப் புத்தி வந்துருச்சு. நான் சொன்னேன்ல, எல்லாம் அட்ஜஸ்ட்மென்ட்தான். உடனே குளிச்சுட்டு, அவ துணியெல்லாம் நானே பெட்டியில அடுக்கி, பழம் வாங்கி, பஸ் ஏறிட்டேன். சம்பந்திக்கும் போன் பண்ணி வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லிட்டேன். பெட்டியை எடுக்கறப்ப செண்பகம்தான் ஒரு மாதிரி பாத்தா. "போய்ட்டு வாங்க, போனாத்தான் உங்களுக்குப் புரியும்"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான் பேசுவா.

மாத்தூர் தாண்டிட்டோமா? சரி, உங்க வண்டிக்கு வருவோம். வாங்கினா உடனே பெயின்ட் அடிக்க ஓடாதீங்க. பழைய போல்ட்டு ஒண்ணைக் கூடத் தூக்கிப் போடாதீங்க, வளைஞ்சிருந்தாலும் டப்பாவுல போட்டு வைங்க, அளவு பாக்க வேணும். ஒண்ணைக் கழட்டினா... இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லும்மா. போய்ச் சேந்துட்டியா? வழியில நின்னுதா? அப்பா வந்துக்கிட்டே... என்ன? பஸ் சத்தம் கேக்குது. உனக்குப் பின்னால பஸ் சத்தம் கேக்குதே. எந்த பஸ்ஸு? எதுக்கு? ம்... ம். அவரு என்ன சொன்னாரு? சரி. ம். நான் பஸ்ஸுல இருக்கேன், மாத்தூர் தாண்டி. உன் பெட்டியை எடுத்துக்கிட்டு உன்னப் பாக்கத்தான். இரும்மா, வெக்காத. என்ன கேட்டே? மறுபடி சொல்லு.

கட்டாயிடுச்சு. இங்க டவர் இருக்காது.

குடுத்துட்டாளாம், தம்பி. வண்டியை. அவங்க வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்தி, எல்லாரையும் வெளிய வரச் சொல்லி, ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஒரே மிதியில ஸ்டார்ட் பண்ணிக் காட்டியிருக்கா. "வண்டி ஓடுது மாமா. நீங்க கேட்டது இதுதானே, வாங்கிக்கங்க. நான் கெளம்பறேன்"னு சொல்லிட்டு, நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து திருச்சி பஸ்ஸுல ஏறிட்டாளாம். மாப்பிள்ளை பின்னாலயே வந்து கையைப் புடிச்சிருக்காரு. உதறிட்டு ஏறிட்டாளாம். எதிர்ப் பக்கமா வந்துக்கிட்டு இருக்கா.

வண்டியை வேற, பொண்ணை வேறயாக் குடுக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. எட்டு மாசத்துல ஒரு நாள் கூடத் தோணல. ஒரு வண்டியை எழுநூறு துண்டாப் பிரிக்கத் தெரிஞ்சவன் நான். செண்பகத்துக்குத் தோணியிருக்கு, இவளுக்குத் தோணியிருக்கு.

கடைசியா ஒண்ணு கேட்டா. சரியாக் கேக்கலைன்னு மறுபடி சொல்லச் சொன்னேன்ல, கேட்டுச்சு, நல்லாவே கேட்டுச்சு. "நான் வீட்டுக்கு வரலாமாப்பா? இல்ல, ஏதாவது ஹாஸ்டல் பாத்துக்கட்டுமா?"ன்னு. அவ பொறந்து வளந்த வீடு, தம்பி. அதுக்குள்ள வர்றதுக்கு எங்கிட்ட கேக்கறா. அந்த மாதிரி கேக்கற எடத்துல நான் அவளை நிறுத்தி வெச்சிருக்கேன்.

மறுபடி அடிக்குது. இல்ல, இது சம்பந்தி. அடிக்கட்டும். என்னன்னு எடுத்துப் பேசறது? எடுத்தா என் வாயில சரிங்கதான் வரும். எனக்கு என்னைத் தெரியும்.

கீரனூர்ல ரெண்டு பக்கத்துப் பஸ்ஸும் நிக்கும்தானே? அவ பஸ்ஸு வர இன்னும் கால் மணி நேரம் ஆகுமா? கொஞ்சம் வழி விடுங்க தம்பி, நான் முன்னால போய் நின்னுக்கறேன்.

கண்டக்டர் சார், கீரனூர்ல ஒரு ஆள் இறங்கணும். ஆமாங்க, புதுக்கோட்டைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இருக்கட்டுங்க, என் பொண்ணு வர்றா, நான் இங்கயே இறங்கிக்கறேன்.